கண்ணுக்குக் கதிரவன் பகைவனா?

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

“கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்” என்பது நாம் அனைவரும் அறிந்த பழமொழி. காலம் கடந்தபின் செய்யும் காரியத்தால் பயனில்லை என்பது அதன் பொருள். அந்தப் பழமொழியில் கண்ணும் கதிரவனும் சேர்ந்து நிற்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கண் இல்லையேல் கதிரவன் இருந்தும் நமக்குப் பயனில்லை. கதிரவன் இல்லையேல் கண் இருந்தும் பயனில்லை. அப்படியானால் இவ்விரண்டிற்கும் உள்ள உறவு நட்பா, பகையா? இதுவே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

எங்கள் ஊராகிய தூத்துக்குடியில் வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. கடலிலும் வெயில், உப்பளத்திலும் வெயில், பள்ளி மைதானத்திலும் வெயில். ஆனால் வீட்டிலும் வகுப்பிலும் எங்கள் காதில் அன்றாடம் விழும் சொல் ஒன்றுதான்: “வெயிலில் போகாதே!” கண்ணுக்குக் கெடுதல் என்று சிலர் சொல்வர். முகம் கறுத்துவிடும் என்று பலர் சொல்வர். இதற்கு நேர்மாறாக, காலைச் சூரியனை உற்றுப் பார்த்தால் கண்ணாடி இல்லாமலே பார்வை தெளியும் என்று சொல்வாரும் உண்டு. இந்த இரண்டு பேச்சுமே முழு உண்மை அல்ல என்பது என் தாழ்மையான கருத்து. கதிரவனை நேரே பார்ப்பது கண்ணுக்குக் கேடு. கதிரவனுக்கு முற்றிலும் ஒளிந்து வாழ்வதும் கண்ணுக்குக் கேடு. இவ்விரண்டிற்கும் நடுவே உள்ள வழியை நாம் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒளி நுழையும் வழி

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் ஒளியியல் படிக்கிறோம். கண்ணின் முன்புறம் கண்ணாடி போன்ற விழிவெண்படலம். அதன் பின்னே பாவை என்னும் துளை. அதற்கும் பின்னே லென்சு. கடைசியில் விழித்திரை. ஒளி இவ்வழியே சென்று விழித்திரையில் பிம்பமாக விழுகிறது.

கதிரவன் நமக்குக் காணும் ஒளியை மட்டும் அனுப்புவதில்லை. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்களையும் அனுப்புகிறது. அவற்றுள் மிகக் கொடியதை வானத்தின் ஓசோன் படலம் முழுவதுமாகத் தடுத்துவிடுகிறது. எஞ்சியவற்றில் ஒரு பகுதி தரைக்கு வந்து சேருகிறது. அதை நம் விழிவெண்படலமும் லென்சும் வாங்கிக்கொண்டு, விழித்திரைக்குச் செல்லவிடாமல் பெரும்பாலும் தடுத்துவிடுகின்றன. வீட்டுக்கு வந்த அடியைத் தாய் தன் முதுகில் வாங்கிக்கொண்டு பிள்ளையைக் காப்பதுபோல, இவை தாம் பாதிக்கப்பட்டு விழித்திரையைக் காக்கின்றன. சிறு பிள்ளைகளின் லென்சு பெரியவர்களுடையதைவிடத் தெளிவானது. ஆதலால் அவர்களுடைய விழித்திரைக்குக் கூடுதலான கதிர் சென்று சேருகிறது. இறைவன் கொடுத்த புருவமும் இமையும் கண்கூச்சமும் நமக்கு இயற்கைக் காவலர்கள். ஆயினும் காவலர்களுக்கும் ஓர் எல்லை உண்டன்றோ?

பகையாகும் இடம்

என் பாட்டனார் நாற்பது ஆண்டுகள் கடல் தொழில் செய்தவர். அவருடைய இரு கண்களிலும் மூக்கை ஒட்டிய மூலையிலிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளர்ந்திருக்கிறது. எங்கள் தெருவில் அவர் வயதுக்காரர் பலருக்கு அப்படி இருக்கக் காணலாம். “காற்றும் உப்பும் பட்டு வந்தது” என்பார்கள். காற்றும் தூசியும் ஓரளவு காரணந்தான். ஆனால் நீண்ட நாள் வெயிலில் உழைப்போருக்கே, அதிலும் வெப்ப நாடுகளில் வாழ்வோருக்கே, இந்நோய் மிகுதியாக வருகிறது. முக்கியக் காரணம் புற ஊதாக் கதிர் என்பது மருத்துவர்களின் முடிவு.

வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை, கீழிருந்தும் வருகிறது. புதிதாக விழுந்த பனி, தன்மேல் படும் புற ஊதாக் கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பிவிடும். கடல் நுரை சுமார் 25 விழுக்காடும், உலர்ந்த கடற்கரை மணல் சுமார் 15 விழுக்காடும் திருப்பும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. பனி நாடுகளில் ஒரே நாள் வெறுங்கண்ணோடு நடந்தவர்களுக்குக் கண்ணில் மணல் அள்ளிப் போட்டாற்போல் வலி எடுக்கும். இதைப் பனிக்குருடு என்பர். வட துருவத்தை அடுத்து வாழும் இனுயிட் மக்கள் எலும்பிலும் மரத்திலும் மெல்லிய கீறல் மட்டும் விட்டுக் கண்காப்புச் செய்து அணிந்தனர். படிப்பறிவு இல்லாத காலத்திலும் பட்டறிவு இருந்தது!

அடுத்தது கண்புரை. லென்சு பால்போல் வெளுத்து ஒளியை மறைக்கும் நோய் இது. முதுமை, நீரிழிவு, புகைபிடித்தல் எனப் பல காரணங்கள் உண்டு. வெயிலும் அவற்றுள் ஒன்று. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் செசபீக் விரிகுடாவில் தொழில் செய்யும் 838 மீனவர்களின் கண்களை ஆராய்ந்து, 1988-ஆம் ஆண்டில் ஒரு முடிவு வெளியிட்டார்கள். வாழ்நாளில் மிகுதியான புற ஊதாக் கதிரைக் கண்ணில் வாங்கியவர்களுக்கு, லென்சின் ஓரத்திலிருந்து தொடங்கும் ஒருவகைப் புரை கூடுதலாக வந்திருந்தது. கடல் எங்கிருந்தாலும் கடல்தான். அவர்களுக்கு வந்தது நம் கடற்கரை மக்களுக்கு வராது என்று சொல்ல முடியுமா?

நமக்கு ஓர் ஆறுதல் உண்டு. கண்புரையை அறுவை செய்து நீக்கிச் செயற்கை லென்சு வைத்துவிடலாம். மதுரையில் 1976-ஆம் ஆண்டு மருத்துவர் கோ. வெங்கடசாமி அவர்கள் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இலட்சக்கணக்கான ஏழைகளுக்கு இவ்வாறு ஒளி கொடுத்திருக்கிறது. ஆனால் வந்தபின் நீக்குவதைவிட வருமுன் காப்பது எளிது. அகன்ற விளிம்புள்ள ஒரு தொப்பியே கண்ணில் விழும் புற ஊதாக் கதிரை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துவிடும். பனையோலைத் தொப்பிக்கு என்ன பெரிய விலை? உப்பளத்தில் பாத்தியின் வெண்மை கண்ணைப் பறிக்கக் கூடை சுமக்கும் தாய்மார்கள் தலையில் சும்மாடு மட்டும் வைத்திருப்பதை நாம் பார்க்கிறோம். அவர்களுக்குத் தொப்பியும் நல்ல கண்ணாடியும் கிடைக்கச் செய்வது கருணை அன்று, நீதி என்பேன்.

கறுப்புக் கண்ணாடியைப் பற்றியும் ஒரு சொல். சாலையோரத்தில் விற்கும் கண்ணாடி கறுப்பாக இருப்பதாலேயே புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடாது. கறுப்பைக் கண்டு பாவை விரியும். தடுப்பில்லாத கண்ணாடியானால் முன்னிலும் அதிகமான கதிர் உள்ளே நுழைய இடமுண்டு. ‘யு.வி. 400’ என்ற குறிப்புள்ளதைக் கடையில் கேட்டு வாங்குவதே முறை.

நேருக்கு நேர் பார்க்கலாமா?

கூடாது. கிரகண நாளிலும் கூடாது, மற்ற நாளிலும் கூடாது.

புவியீர்ப்பைக் கண்ட ஐசக் நியூட்டன் இளமையில் ஒரு விபரீதச் சோதனை செய்தார். கண்ணாடியில் தெரிந்த சூரியனை உற்றுப் பார்த்தார். அதன்பின் எதைப் பார்த்தாலும் சூரியனே தெரிந்தது. எழுதவும் படிக்கவும் இயலவில்லை. மூன்று நாள் இருட்டறையில் அடைந்து கிடந்தபின்னரே கண் ஓரளவு தெளிந்தது என்று அவரே பின்னாளில் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவர் தப்பித்தார். எல்லாரும் தப்பிப்பதில்லை. விழித்திரையின் நடுவில் கூர்மையான பார்வைக்குரிய சிறு இடம் ஒன்று உண்டு. அவ்விடத்துச் செல்களைக் கடும் ஒளி சிதைத்துவிட்டால், படிக்கும் எழுத்தின் நடுவிலும் பேசுபவர் முகத்தின் நடுவிலும் ஒரு கறை நிற்கும். சிலருக்கு அது மாறாமலே நின்றுவிடும். விழித்திரையில் வலி உணரும் நரம்பு இல்லை என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. சுட்டது தெரியாது. சில மணி நேரம் சென்றபின்னரே பார்வை மங்குவது தெரியும்.

கிரகண நாளில் ஆபத்து கூடுதல். வானம் மங்குவதால் கண் கூசுவதில்லை, பாவையும் விரிகிறது. ஆனால் மிச்சமிருக்கும் பிறைச் சூரியனின் ஒளி சற்றும் கடுமை குறையாதது. 2019 டிசம்பர் 26 அன்று கோயம்புத்தூர், திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டைப் பகுதிகளில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது. 2031 மே 21 அன்று மீண்டும் தென்னிந்தியாவில் வளையக் கிரகணம் வரவிருக்கிறது. அன்று புகைபிடித்த கண்ணாடித் துண்டு, பழைய எக்ஸ்ரே படம், வாளித் தண்ணீர் இவற்றை எவரும் நம்ப வேண்டாம். அதற்கென்று தரச்சான்று பெற்ற கிரகணக் கண்ணாடி வேண்டும். இல்லையேல் ஓர் அட்டையில் ஊசித்துளை இட்டு, சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, மறு அட்டையில் விழும் பிம்பத்தைப் பார்க்கலாம்.

நம் பள்ளியில் சொல்லத் தயங்கக்கூடிய செய்தி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2008-ஆம் ஆண்டில் கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தில், சூரியனில் தேவதாயின் உருவம் தெரிவதாக ஒரு வதந்தி எழுந்தது. அதை நம்பிச் சூரியனை உற்றுப் பார்த்தவர்களில் ஏறக்குறைய ஐம்பது பேர் விழித்திரை பாதிக்கப்பட்டு மருத்துவமனைக்கு வந்தனர் என்று செய்தித்தாள்கள் எழுதின. திருச்சபை அந்த அற்புதத்தை ஏற்கவில்லை. பாவம், அவர்கள் கெட்ட எண்ணத்தோடு பார்க்கவில்லை, பக்தியோடுதான் பார்த்தார்கள். ஆனால் ஒளியின் விதி பக்தரையும் பாமரரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. கண்ணுக்குப் பாதுகாவலியான புனித லூசியாவிடம் மன்றாடுவோம். ஆனால் அவர் காக்க வேண்டிய கண்ணை நாமே சுட்டுக்கொள்ள வேண்டாம். காலைச் சூரியனைக் கும்பிடுகிற நம் அயலார்க்கும் இதையே பணிவுடன் சொல்லலாம். வணங்குவது வேறு, உற்றுப் பார்ப்பது வேறு.

நட்பாகும் இடம்

இதுவரை படித்த பெற்றோர், “அப்படியானால் பிள்ளையை வீட்டுக்குள் வைத்திருப்பதே நல்லது” என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கதையின் மறுபாதி இனிமேல்தான் வருகிறது.

எங்கள் வகுப்பில் கரும்பலகைக்கு அருகே உள்ள இரண்டு வரிசைகளும் கண்ணாடி அணிந்தவர்களுக்கே. அப்படியும் எழுத்து தெரியாமல் அடுத்தவளின் நோட்டைப் பார்த்து எழுதுகிறவர்கள் உண்டு. இது கிட்டப்பார்வை. விழிக்கோளம் முன்பின்னாக நீண்டுவிடுவதால், தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னே விழுந்துவிடுகிறது. குழிலென்சு போட்டால் எழுத்து தெரியும், ஆனால் நீண்ட விழி குறுகாது. மிக அதிகமாக நீண்டால் பிற்காலத்தில் விழித்திரை கிழியவும் பிரியவும் ஏதுவாகும். இந்நிலை தொடர்ந்தால் 2050-ஆம் ஆண்டில் உலக மக்களில் பாதிப்பேருக்குக் கிட்டப்பார்வை இருக்கும் என்று 2016-இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

“படித்துப் படித்துத்தான் கண் கெட்டது” என்று நாம் சொல்வோம். புத்தகத்தைக் கிட்டத்தில் வைத்துப் படிப்பதும் கைப்பேசி பார்ப்பதும் காரணங்கள்தாம். ஆனால் 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வு என்னைச் சிந்திக்க வைத்தது. ஆஸ்திரேலியாவின் சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் 6, 7 வயதுச் சீன வம்சாவழிப் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். சிங்கப்பூரில் 29.1 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3.3 விழுக்காட்டினருக்கு மட்டுமே. பெற்றோருக்குக் கிட்டப்பார்வை இருந்த அளவில் பெரிய வேறுபாடு இல்லை. புத்தகமோ சிட்னிப் பிள்ளைகள்தாம் அதிகம் படித்தார்கள்! அப்படியானால் எது வேறு? சிட்னிப் பிள்ளைகள் வாரத்தில் சுமார் 13¾ மணி நேரம் வீட்டுக்கு வெளியே இருந்தார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் சுமார் 3 மணி நேரமே இருந்தார்கள்.

இதைச் சீனாவின் குவாங்சோ நகரில் செய்தே பார்த்தார்கள். 12 தொடக்கப் பள்ளிகளை எடுத்து, 6 பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் ஒரு வகுப்பு வைத்தார்கள். மூன்று ஆண்டுகளுக்குப்பின் அப்பள்ளிகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 விழுக்காடு. மற்றப் பள்ளிகளில் 39.5 விழுக்காடு. இம்முடிவு 2015-இல் வெளிவந்தது. தைவான் நாட்டில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடம் வெளியே இருக்கச் செய்தார்கள். ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே இருந்த பார்வைக் குறைவு, 2012-இல் 49.4 விழுக்காடாக இருந்தது, 2015-இல் 46.1 ஆக இறங்கியது.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் நாம் கண்ணாரக் கண்டோம். கொரோனாவினால் 2020-இல் உலகமே கதவடைத்தது. அப்போது தொடக்கப் பள்ளியில் இருந்த நாங்கள் மைதானத்தை மறந்து கைப்பேசிக்குள் வகுப்பைத் தேடினோம். சீனாவில் ஒரு நகரத்துப் பள்ளிகளில் ஆண்டுதோறும் கண் பார்த்து வந்தவர்கள், அந்த ஆண்டும் பார்த்தார்கள். அதற்கு முந்திய ஆண்டுகளில் 6 வயதுப் பிள்ளைகளிடையே கிட்டப்பார்வை 5.7 விழுக்காட்டைத் தாண்டியதில்லை. 2020-இல் அது 21.5 விழுக்காடு ஆகியிருந்தது.

வெளிச்சம் எவ்வாறு கண்ணைக் காக்கிறது? பிரகாசமான ஒளி படும்போது விழித்திரையில் டோபமின் என்னும் பொருள் சுரந்து, விழி அளவுக்கு மீறி நீளாமல் தடுக்கிறது என்பது அறிஞர்கள் பெரிதும் ஏற்கும் விளக்கம். வகுப்பறை வெளிச்சம் சாதாரணமாக 300 முதல் 500 லக்ஸ். நல்ல வெயிலிலோ அது 1,00,000 லக்ஸ் வரை செல்லும். மர நிழலில்கூடச் சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். இதைக் கவனியுங்கள், தோழியரே! வெயிலில் நின்று காய வேண்டியதில்லை, கதிரவனைப் பார்க்க வேண்டியதும் இல்லை. வேப்ப மரத்தடியில் அமர்ந்தாலே போதும், வகுப்பறையைவிடப் பன்மடங்கு ஒளி கண்ணுக்குக் கிடைத்துவிடும்.

பெண்பிள்ளைக்கு மட்டும் நிழலா?

இப்போது நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். மாலை நான்கு மணிக்கு மேல் எங்கள் ஊர்க் கடற்கரையைப் பாருங்கள். மட்டையும் பந்துமாக ஓடுபவர் யார்? ஆண்பிள்ளைகள். அவர்களுடைய அக்காவும் தங்கையும் எங்கே? வீட்டுக்குள். “பெண்பிள்ளை வெயிலில் திரியலாமா? கறுத்துப்போவாய், பிறகு உன்னை யார் கட்டுவது?” என்று பாட்டி சொல்கிறார். அம்மாவும் ஆமோதிக்கிறார். முகத்துக்குப் பூசும் களிம்பு விளம்பரமும் அதையே சொல்கிறது.

வீட்டுக்குள் இருந்து என்ன செய்கிறோம்? படிக்கிறோம், கைப்பேசி பார்க்கிறோம், தொலைக்காட்சி பார்க்கிறோம். இரண்டு ஆண்டில் எழுத்து மங்குகிறது. மருத்துவர் கண்ணாடி எழுதிக் கொடுக்கிறார். உடனே அதே வீட்டில் அடுத்த கவலை பிறக்கிறது. “பெண்பிள்ளைக்குக் கண்ணாடியா? பெண் பார்க்க வரும்போது கழற்றி வைத்துவிடு!” வெயிலுக்கு அஞ்சி வீட்டுக்குள் வைத்ததும் கல்யாணத்துக்காக, கண்ணாடிக்கு அஞ்சுவதும் கல்யாணத்துக்காக! இரண்டு அச்சத்துக்கும் நடுவில் எங்கள் கண் என்ன ஆகும் என்று கேட்பவரைக் காணோம். கண்ணாடி அணிவது குறையே அன்று. தேவையானவள் அதைக் கூச்சமின்றி அணிய வேண்டும். அணியாமல் மறைப்பதால் அவள் படிப்புத்தான் கெடும். ஆனால் தடுக்கக்கூடிய ஒன்றை நிறத்துக்காகத் தடுக்காமல் விடுவது எந்த வகையில் நியாயம்? கறுப்பும் இறைவன் படைத்த நிறந்தானே? முகம் கறுத்தால் யாருக்கும் பார்வை போய்விடாது.

பள்ளியிலும் ஒரு சிறு குறை உண்டு. அன்னையரும் ஆசிரியைகளும் இதைச் சொல்வதற்காக என்னைக் கோபிக்கலாகாது. பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் விளையாட்டுப் பாடவேளை நேர அட்டவணையில் மட்டுமே இருக்கிறது. வாரத்திற்கு இரண்டு வேளை என்று எழுதியிருக்கும். ஒன்றைக் கணக்கு எடுத்துக்கொள்ளும், மற்றொன்றை அறிவியல் எடுத்துக்கொள்ளும். மதிய உணவையும் வகுப்பிலேயே உண்டு, மிச்ச நேரத்தில் ஒரு தேர்வை எழுதிவிடுகிறோம். காலையில் இறைவணக்கக் கூட்டத்திற்கு நிற்கும் சில நிமிடங்களே நாங்கள் வானத்தைப் பார்க்கும் நேரம். ஒளியியல் பாடத்தில் கிட்டப்பார்வைக்குக் காரணமும் தீர்வும் எழுதி ஐந்து மதிப்பெண் பெறுகிறோம். அந்த ஐந்து மதிப்பெண்ணுக்காகப் படிக்கும் நேரத்திலேயே அந்த நோயை வளர்த்துக்கொள்கிறோம்!

சிலர் கேட்கக்கூடும்

“பொதுத்தேர்வு ஆண்டில் விளையாட்டு என்ன வேண்டிக் கிடக்கிறது?” என்று சிலர் கேட்கக்கூடும். வாரத்துக்கு இரண்டு பாடவேளை போனால் மதிப்பெண் குறையும் என்பது உண்மையானால், ஒன்றும் தெரியாத கரும்பலகையைப் பார்த்து ஆண்டு முழுவதும் உட்காருவதால் எவ்வளவு குறையும் என்பதையும் கணக்கிட வேண்டும். அது மட்டுமன்று. மரத்தடியில் அமர்ந்து மனப்பாடம் செய்யலாம், வாய்ப்பாடு சொல்லலாம், செய்யுள் ஒப்பிக்கலாம். நாங்கள் கேட்பது வெளிச்சம். படிப்பிலிருந்து விடுதலை அல்ல.

“எங்கள் ஊர் வெயில் சிட்னி வெயில் அன்று, பிள்ளை மயங்கி விழுந்துவிடுவாள்” என்று தாய்மார்கள் சொல்லக்கூடும். இது நல்ல கேள்வி. காலை பத்து மணிக்கு மேல் மாலை நான்கு மணி வரை நேர் வெயில் ஆகாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். மேலே சொன்ன கண்புரைக்கும் சதைக்கும் அதுவே காரணம். அதனால்தான் காலை முதல் பாடவேளையையும் மாலைக் கடைசிப் பாடவேளையையும் கேட்கிறேன். நண்பகல் என்றால் மரநிழலைக் கேட்கிறேன். தலையில் தொப்பியையும் கையில் தண்ணீரையும் கேட்கிறேன்.

“ஏற்கெனவே கண்ணாடி போட்டவளுக்கு இதனால் என்ன பயன்?” என்று எங்களில் சிலரே கேட்கக்கூடும். வெளிச்சத்தில் ஓடியாடினால் வந்த கிட்டப்பார்வை போய்விடாது. கண்ணாடியைக் கழற்றி எறியலாம் என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். வராமல் தடுப்பதிலேதான் வெளிச்சத்தின் பலன் நன்கு தெளிவாகியிருக்கிறது. ஆகவே எங்கள் வகுப்பில் பலருக்குக் காலம் கடந்திருக்கலாம். ஆனால் கீழே முதல் வகுப்பில் பையைத் தூக்க முடியாமல் தூக்கி வரும் நம் தங்கைகளுக்குக் காலம் கடக்கவில்லை. நான் இதை எழுதுவது பெரும்பாலும் அவர்களுக்காகவே.

முடிவாக

பெரியோர்களே! எங்கள் வேண்டுகோள் மிகச் சிறியது.

பள்ளி நிர்வாகத்தாரிடம் நான் வேண்டுவது: தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் 40 நிமிடமாவது வெளியில் ஒரு பாடவேளை வேண்டும். பாட்டு, கதை, ஓவியம் எதுவானாலும் சரி, அதை மரத்தடியில் நடத்தலாம். மேல் வகுப்புகளின் விளையாட்டுப் பாடவேளையை வேறு பாடம் எடுத்துக்கொள்ளக் கூடாது. மதிய உணவு மரத்தடியில் நடக்கட்டும். சீருடை விதியில் ஒரு துணித் தொப்பிக்கும் இடம் கொடுங்கள். மைதானத்தின் மேற்குப் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. வரும் ஆண்டு ஒவ்வொரு வகுப்பும் அங்கே ஒரு வேம்பையோ புங்கனையோ நட்டு வளர்க்க அனுமதியுங்கள். நாங்கள் பள்ளியை விட்டுச் சென்றபின் அந்த நிழல் வேறொருத்தியின் கண்ணுக்கு உதவும்.

பெற்றோரிடம் நான் வேண்டுவது: அண்ணனும் தம்பியும் வெளியே போகும் மாலை வேளையில் எங்களையும் அனுப்புங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கண் மருத்துவரிடம் காட்டுங்கள். கண்ணாடி எழுதிக் கொடுத்தால் தயங்காமல் வாங்கிக் கொடுங்கள். உப்பளத்துக்கும் கடலுக்கும் செல்லும் தந்தைமாரும் தாய்மாரும் தங்கள் கண்ணையும் பேணுங்கள். உங்கள் கண்ணை நம்பித்தானே எங்கள் படிப்பு இருக்கிறது?

தோழியரே! உங்களிடம் வேண்டுவது இரண்டே. கதிரவனை ஒருபோதும் நேரே பார்க்காதீர்கள். அவனுக்கு அஞ்சி ஒரு நாளும் ஒளிந்துகொள்ளாதீர்கள். கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு, நாளை மாலை ஒரு மணி நேரம் வெளியே வாருங்கள். நிறம் சிறிது கறுத்தால் கறுக்கட்டும். கண் தெளிவாயிருக்கட்டும்!